வெள்ளை வளையம்

மார்ச் 4

தம்பிக்கு,

நலமா என்று கேட்டு எழுதும் கடிதம் இல்லை இது. நீ நலமாகத்தான் இருக்கிறாய். நேற்று என் கண்ணாலேயே பார்த்தேன்.

ஆபீஸ் தொப்பியும் கையில் பெயிண்ட் டப்பாவுமாகத் தெருமுனையில் நீ திரும்பும்போதே அடையாளம் தெரிந்துவிட்டது. சாலையை அகலப்படுத்தப் போகிறார்கள், மரங்களுக்குக் குறி போட ஆள் வரும் என்று இங்கே வெகுநாளாகப் பேச்சு. அந்த ஆள் நீயாக இருப்பாய் என்று நான் நினைக்கவில்லை. வரிசையாக அத்தனை மரங்களையும் தாண்டி வந்து, சொல்லிவைத்தாற்போல நம் ஜன்னலுக்கு எதிரே இருக்கும் தூங்குமூஞ்சி மரத்தடியில் நின்றாய். அதற்கு மட்டும் சுற்றி வெள்ளை வளையம் போட்டாய். போட்டு முடித்துவிட்டு அண்ணாந்து எங்கள் ஜன்னலைப் பார்த்தாய் பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஜன்னலைப் படாரென்று சாத்தினேன். சத்தம் உனக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்றுதான் சாத்தினேன்.

அப்பாவை முதியோர் இல்லத்தில் விடலாம் என்று நீ சொன்ன அன்று, இனி இந்த வீட்டுப் படியை மிதிக்காதே என்று சொன்னேன். சொன்னதை இல்லை என்று சொல்லவில்லை. அதற்குப் பழிதீர்க்க உனக்கு இந்த மரம்தானா கிடைத்தது?

அப்பாவின் உடம்பு உனக்குத் தெரியாததா? இதயம் வீங்கிக் கிடக்கிறது. தண்ணீரைக்கூட அளந்துதான் கொடுக்கிறேன், கூடினால் நெஞ்சில் நீர் கோத்துக்கொள்கிறது. தாகம் எடுத்தாலும் இஷ்டத்துக்குக் குடிக்க முடியாத மனிதர். அவர் படுத்திருப்பது மொட்டைமாடிக்கு நேர் கீழே, மேற்குப் பார்த்த அறையில். வீட்டுக்காரர் ஏசி போட விடமாட்டார், வயரிங் தாங்காதாம். அப்படியும் போன கோடையும் அதற்கு முந்தைய கோடையும் தாண்டினார் என்றால் யாரால்? டாக்டர் வந்தபோது, "வெளிய அனலா கொதிக்குது, உங்க வீட்டுல மட்டும் எப்படிம்மா இவ்வளவு குளுமையா இருக்கு?" என்று கேட்டார். ஜன்னலைக் காட்டினேன். "நான் எழுதித் தர்ற மாத்திரையில ஒண்ணு ரெண்டு விட்டுப்போனாலும் பரவாயில்ல, இதை விட்டுடாதீங்க" என்று சிரித்தார்.

அப்பாவுக்கு அது மரமே இல்லை. சாயங்காலம் அது இலையை மூடிக்கொள்ளும்போது, "பெரிய தூங்குமூஞ்சி படுத்தாச்சு, சின்ன தூங்குமூஞ்சி எங்க சுத்துறானோ" என்பார். சின்னது நீதான். உன்னோடு பேசாமல் இருந்த இந்த ஒரு வருஷத்தில் அவர் வாயிலிருந்து உன் பேச்சு வந்தது அப்படித்தான்.

மரத்தடியில் இஸ்திரிக்கார அம்மா வண்டி போட்டிருக்கிறார். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லாம் அங்கேதான் நிற்கிறார்கள். லாரிப் புழுதியில் பாதி அந்த இலைகளோடு நின்றுவிடுவதால்தான் நான் ஜன்னலோரம் மிஷின் போட்டு வெள்ளைச் சட்டை தைக்க முடிகிறது. இதையெல்லாம் மரங்கள் பிரிவில் வேலை செய்கிற உனக்கு நான் சொல்ல வேண்டியிருக்கிறது, என் தலையெழுத்து.

ஆனால் ஒன்று. நான் சும்மா விடுவேன் என்று நினைத்தாயா? நீ தெருவைத் தாண்டினாயோ இல்லையோ, மண்ணெண்ணெயும் கம்பி நாருமாகக் கீழே இறங்கினேன். இஸ்திரிக்கார அம்மாவும் கூடவே தேய்த்தார். பெயிண்ட் சரியாகக் காயவில்லை, சுலபமாக வந்துவிட்டது. இப்போது அந்த மரத்தில் பொட்டு அளவு வெள்ளைகூடக் கிடையாது. உன் ஆட்கள் வந்து தேடிப் பார்க்கட்டும்.

அக்கா

*

மார்ச் 10

அக்கா,

இந்தக் கடிதம் கையில் கிடைத்ததும் மேலே படிக்காதே. ஏதாவது வெள்ளைப் பெயிண்ட் எடுத்துக்கொண்டு கீழே போ. பெயிண்ட் இல்லாவிட்டால் சுண்ணாம்பு. மரத்தில் நெஞ்சு உயரத்தில் சுற்றி வளையம் போடு. போட்டுவிட்டு வந்து மீதியைப் படி.

வெள்ளை வளையம் வெட்டுவதற்கு இல்லை அக்கா. விட்டுவைப்பதற்கு.

உன் கடிதம் ஆபீஸுக்குப் போய், அங்கிருந்து மலைமேல் இருக்கும் எங்கள் கேம்ப்புக்குச் சாமான் ஜீப்பில் இன்றைக்குத்தான் வந்தது. உன் தெருவில் வேலை முடிந்த மறுநாளே என்னை இங்கே அனுப்பிவிட்டார்கள். படித்ததும் போனை எடுத்தேன். இங்கே சிக்னல் கிடையாது. வந்த ஜீப்பிலேயே ஏறி, டவர் கிடைக்கும் இடம்வரை இறங்கிப் போனேன். உன் நம்பர் போகவே இல்லை. என்னை பிளாக் செய்திருக்கிறாய் என்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது. உன் தெருவில் வேறு யார் நம்பரும் என்னிடம் இல்லை. ஆபீஸுக்குப் போட்டேன். கிளார்க்தான் எடுத்தார். "காண்ட்ராக்டர் ஆளுங்க அந்த ரோட்டுல இறங்கிட்டாங்க சார். அவங்க பேப்பரா பாக்கப் போறாங்க? வளையம் இருந்தா விடுவாங்க, இல்லைன்னா வெட்டிடுவாங்க" என்றார். காண்ட்ராக்டர் போனை எடுக்கவில்லை. கிளார்க்கை நேரில் போகச் சொல்லிக் கெஞ்சினேன். பார்க்கிறேன் என்றார். அவர் பார்ப்பது எப்படி என்று எனக்குத் தெரியும்.

வெட்டப்போகும் மரத்துக்குத்தானே குறி போடுவார்கள் என்று நீ நினைத்ததில் தப்பே இல்லை. மற்ற இடங்களில் அப்படித்தான். இந்தச் சாலையில் கிட்டத்தட்ட எல்லாமே போகிறது. போகிறதற்கெல்லாம் குறி போட்டால் பெயிண்ட் கட்டுப்படியாகாது, தங்கப்போகும் ஒன்றிரண்டுக்குப் போடு என்றார் இன்ஜினியர். நம் மரத்துக்காக அவரோடு மல்லுக்கட்டி அனுமதி வாங்கினேன்.

நான் அண்ணாந்து பார்த்ததைத் தாங்க முடியவில்லை என்று எழுதியிருந்தாய். நீ எட்டிப் பார்த்தால் சைகையிலாவது சொல்லலாம் என்றுதான் பார்த்தேன். நீ ஜன்னலைச் சாத்தினாய். எனக்கும் சுருக்கென்றது. இஸ்திரிக்கார அம்மாவிடமாவது சொல்லிவிட்டு வந்திருக்கலாம். கூடப் பிறந்தவளுக்குத் தூது விடுவதா என்று ஒரு ரோஷம். டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

தயவுசெய்து வளையம் போடு.

தம்பி

*

மார்ச் 11

தம்பிக்கு,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. எதிர்பார்த்தவளும் இல்லை.

இன்றைக்கு வெட்டிவிட்டார்கள். உனக்குச் சந்தோஷம்தானே?

காலையிலேயே கயிறும் மிஷினுமாக வந்துவிட்டார்கள். தெருவில் ஒவ்வொன்றாகச் சாய்த்துக்கொண்டே வந்தார்கள். நம் மரத்துக்கு வந்ததும் நான் ஓடிப் போய் அடிமரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "நல்லாப் பாருங்க, இதுல ஒரு குறியும் இல்ல, இதை ஏன் வெட்டுறீங்க?" என்று கத்தினேன். மிஷின் வைத்திருந்தவர் என்னிடம் ஏதோ சொன்னார், கையால் மரத்தைச் சுற்றி வட்டம் போட்டுக் காட்டினார். அந்தச் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. அவர்களோடு வேலைக்கு வந்திருந்த இரண்டு பெண்கள் என்னை மெதுவாகப் பிரித்து இழுத்துக்கொண்டு போனார்கள்.

கிளை விழும்போதெல்லாம் அப்பாவின் கட்டில் அதிர்ந்தது. அவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே பார்த்தார். படு என்றால் படுக்கவில்லை. எல்லாம் முடிந்த பிறகு, "குறி போட வந்தது அவன்தானே? நானும் அன்னைக்குப் பார்த்தேன்" என்றார். ஆமாம்பா என்றேன். கம்பியை விட்டுவிட்டுப் படுத்துக்கொண்டார்.

மத்தியானம் வெயில் நேராகக் கட்டிலுக்கு வந்துவிட்டது. அறைக்குள் இவ்வளவு வெளிச்சத்தை நான் பார்த்ததே இல்லை. கட்டிலைச் சுவரோரம் இழுத்துப் போட்டிருக்கிறேன். அங்கும் வருகிறது.

இனி எனக்கு எழுதாதே.

*

மார்ச் 15

தம்பி,

உன் கடிதம் நேற்று வந்தது.

பெயிண்ட் எடுத்துக்கொண்டு கீழே போ என்று எழுதியிருந்ததைப் படித்துவிட்டு நான் நிஜமாகவே எழுந்தேன். செருப்பைக்கூடப் போட்டுவிட்டேன். பிறகு உட்கார்ந்தேன்.

உன் நம்பரை பிளாக்கிலிருந்து எடுத்துவிட்டேன். போட்டுப் பார்த்தேன், கிடைக்கவில்லை. கிடைக்காததும் நல்லதுதான். போனில் எனக்கு வாய் வராது.

அந்த ஆள் கையால் வட்டம் போட்டுக் காட்டியது எதற்கென்று இப்போது புரிகிறது. நானே என் கையால் மண்ணெண்ணெய் ஊற்றித் தேய்த்தேன் தம்பி. நகக்கண்ணில் இருந்த வெள்ளை போக இரண்டு நாளாயிற்று. ஜெயித்துவிட்டோம் என்று இஸ்திரிக்கார அம்மாவுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அப்பாவிடம் எப்படிச் சொல்வேன்? நீயே சொல்லு, எப்படிச் சொல்ல?

*

மார்ச் 23

அக்கா,

அப்பாவிடம் சொல்லாதே.

நன்றாக யோசித்துத்தான் எழுதுகிறேன். அவருக்கு யார் மேலாவது கோபப்பட்டே ஆக வேண்டும். என் மேலே இருக்கட்டும். நான் தூரத்தில் இருக்கிறேன், எனக்கு வலிக்காது. நீ கொடுக்கிற மாத்திரையையும் அளந்து ஊற்றுகிற தண்ணீரையும்தான் அவர் வாங்கிக் குடிக்கிறார். உன்னிடம் கோபித்துக்கொண்டு வாயை இறுக மூடிக்கொண்டால் அவருக்கு வேறு யார் இருக்கிறார்கள்? அப்பாவின் வீம்பு ஊரறிந்தது. பஸ் ஓட்டிய காலத்தில் செக்கிங் இன்ஸ்பெக்டர் ஒரு வார்த்தை சொல்லிவிட்டார் என்று ரிட்டையராகும்வரை அவர் முகத்தைப் பார்க்காத மனிதர்.

நீயே எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொள்ளாதே, என் பங்கையும் கேள். பஸ் ஸ்டாப் நிழல், புழுதி, மழைத் தண்ணீரை வேர் உறிஞ்சுவது என்று எல்லாம் சொல்லி இன்ஜினியரிடம் வாதாடினேன். அப்பா அந்த ஜன்னலோரம் படுத்திருக்கிறார் என்பதை மட்டும் சொல்லவில்லை. கடைசியில் இன்ஜினியர், "சரிப்பா, உன் பகுதியில ஒண்ணுதான். பள்ளிக்கூட வாசல் மரமா, இதுவா? நீயே முடிவு பண்ணு" என்றார். நான் நம் மரத்தைச் சொன்னேன். அத்தனை பிள்ளைகள் நின்று சாப்பிடுகிற மரம் அக்கா அது. இப்போது அதுவும் இல்லை, இதுவும் இல்லை.

இனி நடக்க வேண்டியதைப் பார்ப்போம். கோபப்படாமல் படி. நான் அன்றைக்குச் சொன்ன அதே இல்லம்தான். அனுப்பிவிடுவதற்கு இல்லை, கோடை தாண்டும் வரைக்கும். கீழ்த்தளத்தில் ஓர் அறை, பின்னால் தோப்பு மாதிரி மரங்கள். நர்ஸ் உண்டு. நீயும் கூடவே தங்கலாம், கேட்டுவிட்டேன். அடுத்த மாதம் லீவு எடுத்து வேனோடு வருகிறேன். அப்பாவை நீ தயார்ப்படுத்தி வை.

தம்பி

*

ஏப்ரல் 12

தம்பிக்கு,

நீ வந்துபோனதிலிருந்து எழுத வேண்டும் என்று நினைத்து இன்றைக்குத்தான் பேனாவை எடுத்தேன்.

நீ கட்டிலருகே நின்று "அப்பா" என்று கூப்பிட்டபோது அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார். தூங்குகிறார் என்று நீ நினைத்திருக்கலாம். நான் நின்ற கதவோரத்திலிருந்து அவர் முகம் தெரிந்தது, கண் திறந்துதான் இருந்தது. நீ என்னை ஒரு தரம் பார்த்தாய். நான் கதவைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன். பிறகு, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று நீ வேனைத் திருப்பி அனுப்பிவிட்டாய்.

நீ போன பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மரத்தை வெட்டினவன் காட்டுற இடத்துல போய் நான் படுக்கணுமா? செத்தாலும் இங்கேயே சாகுறேன். என்னைத் தூக்கிட்டுப் போகப் பார்த்தியோ, உன் கையால தண்ணிகூடக் குடிக்க மாட்டேன்."

இங்கே வெயில் சொல்லி மாளாது. சாயங்காலம் போய் இருட்டிய பிறகும் சுவரில் கை வைத்தால் சுடுகிறது. குழாயைத் திறந்தால் வெந்நீர். ஃபேன் அனலைத்தான் அள்ளிக் கொட்டுகிறது. ஈரத் துணியை ஜன்னலில் கட்டுகிறேன், கட்டிவிட்டுத் திரும்புவதற்குள் காய்ந்துவிடுகிறது. வெயில் ஏற ஏற அப்பாவுக்குத் தாகமும் ஏறுகிறது, நான் கொடுக்கும் அளவு மட்டும் ஏறக் கூடாது. டம்ளரையே பார்த்துக்கொண்டிருக்கிறார். ஐஸ் துண்டை வாயில் வைத்தால் சின்னப் பிள்ளை மாதிரி கண்ணை மூடிச் சப்புகிறார். கால் இரண்டும் வீங்கிவிட்டன. "எப்படியாவது இடத்தை மாத்துங்கம்மா" என்கிறார் டாக்டர்.

இஸ்திரிக்கார அம்மா வண்டியைத் தள்ளிக்கொண்டு வேறு தெருவுக்குப் போய்விட்டார். பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் விளக்குக் கம்பத்தின் நிழலில் ஒருவர் பின் ஒருவராக வரிசையாக நிற்கிறார்கள். அந்த நிழல் ஒரு ஆள் அகலம்தான். தைத்த சட்டைகளில் புழுதி படிந்திருக்கிறது என்று ஒரு கட்டு திரும்பி வந்துவிட்டது. போன வாரம் ஒரு மழை பெய்தது, தண்ணீர் போக வழி இல்லாமல் கீழ்வீட்டு வாத்தியாரின் கூடத்தில் ஏறிவிட்டது. "இத்தனை வருஷத்துல இப்படி ஆனதே இல்லையே" என்று அவர் என்னிடம் வந்து சொல்கிறார்.

நீ சொல்லாதே என்றாய். நானும் சொல்லவில்லை.

அக்கா

*

ஏப்ரல் 18

அக்கா,

சொல்லிவிடு. நான் தப்பாக யோசித்துவிட்டேன். என் மேல் கோபம் இருந்தால் உன் கையால் குடிப்பார் என்றுதான் நினைத்தேனே தவிர, நான் காட்டுகிற இடத்துக்கு வரமாட்டார் என்பது இந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

உனக்குச் சொல்லக் கஷ்டமாக இருந்தால் இதைப் படித்துக் காட்டு.

அப்பா, மரத்தை நான் வெட்டவில்லை. அதைக் காப்பாற்றத்தான் வளையம் போட்டேன். அது தெரியாமல் அக்கா அழித்துவிட்டாள், உங்களுக்காகத்தான் அழித்தாள். நாங்கள் இருவரும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் அது இன்றைக்கும் நிற்கும். அக்காவைத் திட்டாதீர்கள். திட்டினாலும் பரவாயில்லை, திட்டிக்கொண்டே வேனில் ஏறுங்கள்.

இந்த மாதக் கடைசிவரை அறையை வைத்திருக்கிறார்கள். வேன்காரரிடம் சொல்லிவிட்டேன், நம்பர் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், நீ ஒரு போன் போட்டால் வந்துவிடுவார். எனக்காகக் காத்திருக்க வேண்டாம். தள்ளிப் போடாதே அக்கா.

தம்பி

*

மே 6

தம்பிக்கு,

அப்பா போய்விட்டார் என்று ஆபீஸ் மூலம் தகவல் கிடைத்து நீ ஓடி வந்தபோது, முதலில் கேட்டது அதைத்தான். "என் லெட்டர் வந்துச்சா அக்கா? சொன்னியா?" என்றாய். அவர் போன மறுநாள்தான் வந்தது என்றேன். நீ தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாய். மலையையும் ஜீப்பையும் தபாலையும் திட்டினாய். நான் உன் முதுகைத் தடவிக்கொண்டிருந்தேன்.

அது பொய்.

கடிதம் அவர் இருக்கும்போதே வந்துவிட்டது. அடுப்படியில் நின்று படித்தேன். "யாருகிட்டேருந்து?" என்று உள்ளேயிருந்து கேட்டார். கரண்ட் ஆபீஸ்பா என்றேன். மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டேன். மத்தியானம் சொல்லலாம் என்று நினைத்தேன், மத்தியானம் அவருக்கு மூச்சு வாங்கியது. சாயங்காலம் சொல்லலாம் என்று நினைத்தேன், சாயங்காலம் கொஞ்சம் தெளிவாக இருந்தார், அந்தத் தெளிவைக் கெடுக்க மனசு வரவில்லை. மறுநாளும் அதற்கு மறுநாளும் இப்படியே ஏதோ ஒன்று. இதெல்லாம் சாக்கு என்று எனக்கே தெரியும். நீ முதலில் சொல்லாதே என்று எழுதியிருக்காவிட்டாலும் நான் சொல்லியிருக்க மாட்டேன். இவ்வளவு நாள் என்னைவிட்டால் அவருக்கு ஆள் இல்லை, நான்தான் நல்லவள், உன்னை வாசலோடு நிறுத்தியவள். அந்தப் பேர் போய்விடுமே என்று பயந்தேன். வேன்காரர் நம்பர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தது.

கடைசி நாள் அவர் கத்தவில்லை, தண்ணீரும் கேட்கவில்லை. நெற்றியில் ஈரத் துணி போட்டுக்கொண்டிருந்தேன். என் கையைப் பிடித்து நிறுத்தினார். சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதுகிறேன், இதற்காகத்தான் இந்தக் கடிதம்.

"அவன் வந்தப்ப நான் முழிச்சிட்டுதான் இருந்தேன். அதை அவன்கிட்ட சொல்லிடாதே. அப்பா தூங்கிட்டாருன்னு சொல்லு. பாவம், வேலைல சொன்னதைத்தானே செஞ்சிருப்பான். எனக்கு அவன்மேல கோபம் போயிடுச்சு."

செய்யாத தப்புக்கு உன்னை மன்னித்துவிட்டுப் போனார் தம்பி. நான் சரிப்பா என்றேன். உன் கடிதம் என் ஜாக்கெட்டுக்குள்ளேயே இருந்தது. துணி காய்ந்துவிட்டது, எழுந்து போய் நனைத்துக்கொண்டு வந்தேன்.

அக்கா